பேகலும் ஒரு சாப்பாடுதான்



"டொக்டர், பேகல் சாப்பிடலாமா?" எம்மிடம் வரும் தமிழர்களில் நீரிழிவு இருக்கின்றது என்று புதிதாக அறிந்தவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கின்ற கேள்விகளில் இதுவும் ஒன்று. சோறு, மாம்பழம், பேகல் என்ற வரிசையில் வரும். கேட்கும்போதே முகத்தில் ஒரு குற்றவாளியின் பார்வை இருக்கும். ஏற்கனவே யாரோ ஒரு மைத்துனரோ வேலைத்தலத்து நண்பரோ "அது நஞ்சு, தொடாதே" என்று சொல்லியிருப்பார்.

எமது பதில் "சாப்பிடலாம்" என்பதுதான். ஆனால் இதே ஆட்களிடம் நாம் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இன்று காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" பத்துப் பேரைக் கேட்டால் ஏழெட்டுப் பேர் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள்: "இன்னும் ஒண்டும் சாப்பிடேல்ல டொக்டர். கோப்பியோட ஒரு பேகல் மட்டும்தான்."

எம்மவர்களின் கலோரிச் சிக்கல் இந்த "ஒண்டும் சாப்பிடேல்ல" என்பதற்குள்தான் இருக்கின்றது என்பது எமது கருத்து. சோறு, பிட்டு, இடியப்பம் வயிற்றுக்குள் போனால்தான் நாம் சாப்பிட்டதாகக் கணக்கு. மற்றதெல்லாம் கடி. பேகல் கெட்ட உணவு அல்ல. அதைக் கணக்கில் எழுதாமல் விடுவதுதான் கெட்ட பழக்கம்.

பேகலை நாம் வெள்ளைக்காரரின் உணவு என்று சொல்வதும் சரியல்ல. அது போலந்து நாட்டு யூதர்களின் பாண். கிராக்கோவ் நகரில் 1610ஆம் ஆண்டு யூத சமூகத்தினர் எழுதிவைத்த விதிகளில் அதன் பெயர் காணப்படுகின்றது. துரத்தப்பட்டும் பிழைப்புத் தேடியும் கடல் கடந்த மக்களோடு அது நியூயோர்க்குக்கும் மொன்றியலுக்கும் வந்து சேர்ந்தது. மொன்றியலில் பெயர்மவுண்ட் கடையின் கதை 1919இல் தொடங்குகின்றது. 1957இல் சென்ற் வியாத்தர் கடையைத் திறந்த மையர் லெவ்கோவிச் என்பவர் நாஜிகளின் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பி வந்தவர். ஆக, இது அகதிகள் கொண்டுவந்து ஊருக்குப் பொதுவாக்கிய உணவு. எம்முடைய றோல்சும் கொத்துரொட்டியும் இன்று ஸ்காபரோவில் போய்க்கொண்டிருக்கின்ற பாதையில் பேகல் எமக்கு முன்னமே நடந்துவிட்டது. மொன்றியலில் பிறந்த விண்வெளி வீரர் கிரெகரி சமிற்றோவ் 2008இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே எள்ளுப் பேகல்களைக் கொண்டுபோனார். எங்கள் ஆட்கள் போனால் பனங்கட்டி கொண்டுபோவார்களோ என்னவோ!

மாவைக் கெட்டியாகக் குழைத்து, வளையமாக்கி, கொதிநீரில் போட்டு எடுத்த பின்பே வெதுப்புகின்றார்கள். மொன்றியலில் அந்த நீரில் தேனும் கலப்பார்கள், விறகு அடுப்பில் வேகவைப்பார்கள். கொதிநீரில் மேற்பரப்பு மா முதலிலேயே வெந்து இறுகிவிடுவதால் உள்ளே சாதாரண பாண்போல் ஊதிப் பொங்க இடமில்லை. இதனால்தான் பேகலைக் கடிக்கும்போது அந்த இறுக்கம், அந்தச் சவ்வுத்தன்மை. கலோரியின் கதையும் இதிலேதான் இருக்கின்றது. பாண் துண்டுக்குள் பாதி காற்று. பேகலுக்குள் காற்றுக்குப் பதிலாக மா. கையில் எடுத்தால் சின்னதாகத்தான் தெரியும், தராசில் வைத்தால்தான் உண்மை தெரியும்.

நூறு கிராம் சாதாரண வெள்ளைப் பேகலில் ஏறத்தாழ 260 தொடக்கம் 275 கலோரி உண்டு. மாச்சத்து 50 கிராமுக்கு மேல், புரதம் சுமார் 10 கிராம், கொழுப்பு மிகக் குறைவு. கடைகளில் விற்கும் பெரிய பேகல் 120 கிராமுக்கு மேலும் இருக்கும். அதற்கு 330 கலோரி என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரண பாண் துண்டொன்றுக்கு 75 அல்லது 80 கலோரி. ஆகவே "ஒரு பேகல் மட்டும்தான்" என்று சொல்பவர் நாலு துண்டுப் பாண் சாப்பிட்டிருக்கின்றார். மாச்சத்தால் பார்த்தால் ஒன்றேகால் கப் சோற்றுக்கும் கூடவாக வரும். காலை எட்டு மணிக்கு ஒருவர் காரை ஓட்டிக்கொண்டே ஒன்றரைக் கப் வெறும் சோற்றை அள்ளி விழுங்கினால் வீட்டில் பேசாமல் இருப்பார்களா?

பேகல் எப்போதும் இந்த அளவில் இருந்ததில்லை. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமெரிக்க அரசின் இதய, நுரையீரல், குருதி நிறுவனம் உணவுகளின் அளவு எப்படிப் பெருத்துவிட்டது என்று படங்கள் போட்டுக் காட்டியது. இருபது வருடங்களுக்கு முன்னர் மூன்று அங்குல அகலமும் 140 கலோரியுமாக இருந்த பேகல், அப்போது ஆறு அங்குலமும் 350 கலோரியுமாக வளர்ந்திருந்தது. "அவங்கள் எல்லாரும் காலம் காலமாச் சாப்பிடுறாங்கள்தானே, எங்களுக்கு மட்டும் ஏன் கூடாது?" என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். அவர்களின் பாட்டன்மார் சாப்பிட்டது இதுவல்ல.

பொதியில் உள்ள விபரத்தை வாசிப்பவர்கள் எம்மவரில் கூடிவிட்டார்கள் என்பதில் எமக்கு மகிழ்ச்சி. ஆனால் எல்லோரும் "சீனி" என்ற வரியை மட்டும் பார்க்கின்றார்கள். அங்கே ஐந்தோ ஆறோ கிராம்தான் போட்டிருக்கும். "சீனி இல்லாத சாமான் டொக்டர்" என்று பொதியைக் கொண்டுவந்து காட்டியவர்களும் உண்டு. அதற்கு மேலே உள்ள மொத்த மாச்சத்து என்ற வரியைத்தான் பார்க்கவேண்டும். வெள்ளை மாவின் மாச்சத்து குடலுக்குள் போனதும் விரைவாகக் குளுக்கோஸ் ஆகிவிடும். உணவுகள் குருதிச் சீனியை எவ்வளவு வேகமாக ஏற்றுகின்றன என்று அளக்கும் முறையை 1981இல் உலகத்துக்குத் தந்ததே எமது ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்சும் அவரது சகாக்களும்தான். அந்த அளவுகோலில் 70க்கு மேற்பட்டவை வேகமானவை. வெள்ளைப் பேகலுக்கு அட்டவணையில் உள்ள எண் 72.

இது எல்லோருக்கும் பொதுவானது. எமக்கு ஏன் கூடுதல் கவனம்? தென்னாசியர்களின் உடம்பு அப்படி. வெள்ளையர்களுக்கு உடல் நிறைச் சுட்டெண் 25ஐத் தாண்டினால் அதிக எடை என்பார்கள். ஆசியர்களுக்கு 23இலேயே எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004இல் கூறினார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்பதே எமக்குரிய எல்லை. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னுக்கு நிற்கும் உருவத்தை நாம் "நல்ல சுகமாய் இருக்கிறார்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஹமில்ரனில் உள்ள மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தினர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, கனடாவில் வாழும் தென்னாசியரிடம் ஐரோப்பிய, சீன வழியினரைவிட இதயநோய் கூடுதலாக இருப்பதை எடுத்துக்காட்டியது. நாற்பது வயதில் தொடங்கவேண்டிய நீரிழிவுப் பரிசோதனையை எம்மவர் அதற்கு முன்னரே கேட்டுச் செய்விப்பது நல்லது.

இனி, எமக்குச் சற்றுக் கோபம் தருகின்ற ஒரு விடயம். ஒன்றுகூடல்களிலும் வானொலிகளிலும் "வெள்ளைக்காரன்ர சாப்பாட்டை விட்டிட்டு எங்கட சாப்பாட்டுக்குத் திரும்புங்கோ, வருத்தம் எல்லாம் போயிடும்" என்று சொல்கின்றவர்கள் இருக்கின்றார்கள். குரக்கன் நல்ல தானியம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் நீத்துப்பெட்டி நிறைய அவித்துக் கொட்டிச் சாப்பிட்டால் குரக்கன் பிட்டும் மாச்சத்துத்தான். வெள்ளை அரிசிமா இடியப்பம் பத்துக்கும் சொதிக்கும் கணையம் தமிழ் தெரிந்தது என்பதற்காகச் சலுகை தராது! பேகலைத் தடைசெய்துவிட்டு அந்த இடத்தில் நாலு றோல்ஸ் வைத்தால் என்ன இலாபம்?

தடைகள் இன்னொரு கெடுதியும் செய்கின்றன. பேகலை நிறுத்தச் சொன்னார்கள் என்பதற்காகப் பகல் முழுவதும் வேலைத்தலத்தில் ஒன்றும் சாப்பிடாமல் கோப்பியில் ஓட்டிவிட்டு, இரவு பதினொரு மணிக்கு வீடு வந்து ஒரு கோப்பைச் சோற்றைக் குவித்துச் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கின்றவர்கள் பலரை நாம் பார்க்கின்றோம். மூன்று மாதம் கழித்துச் சீனியின் சராசரி இறங்காமல் ஏறியிருக்கும். "நான் பேகலைக் கையாலும் தொடேல்ல டொக்டர்" என்பார்கள். பொய் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொல்கின்றார்கள். இரவில் எமது உடம்பு சீனியைக் கையாளும் திறன் பகலைவிடக் குறைவு என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அப்படியானால் எப்படிச் சாப்பிடுவது? பாதிப் பேகல். எமது ஆலோசனை முழுவதும் இந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கும். ஆனால் சொல்வது இலகு, செய்வது எம்மவருக்குக் கடினம், ஏன் என்று எமக்குத் தெரியும். நாம் எழுபதுகளில் பாணுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்றவர்களின் பிள்ளைகள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் மாவையும் சீனியையும் கரண்டிக் கணக்கில் அளந்த வீடுகளில் இருந்து வந்தவர்கள். நாமும் இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடங்களில் இரவில் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு மருத்துவப் பரீட்சைக்குப் படித்த காலத்தில், கடையில் விலை குறைத்துப் போட்ட முதல்நாள் பேகல் பொதியில்தான் சீவித்தோம். அப்படிப்பட்டவர்களின் கோப்பையில் ஒரு முழுப் பேகலை வைத்துவிட்டு "பாதியை மிச்சம் விடு" என்றால் கை விடாது. விடவும் தேவையில்லை. ஆகவே பாதி என்ற முடிவைக் கோப்பைக்கு வரமுன்னரே எடுத்துவிடுங்கள்.

பேகல் வாங்கிவந்த அன்றே எல்லாவற்றையும் கிடையாக இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியையும் தனித்தனியாகச் சுற்றிப் பிரீசரில் போடுங்கள். காலையில் ஒரு பாதி மட்டும் நேரே ரோஸ்ரருக்குள் போகட்டும். (உறைந்த பேகலைக் கத்தியால் பிளக்க வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்த எவரைக் கேட்டாலும் பேகல் வெட்டப்போய் உள்ளங்கையை வெட்டிக்கொண்டு வந்தவர்களின் கதை சொல்வார்கள்.) கடையில் வாங்குவதானால் இரண்டுபேர் ஒன்றை வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். கணவனும் மனைவியும் ஒரு பேகலைப் பகிர்வதில் வெட்கம் என்ன? இப்போது சந்தையில் மெல்லிய பேகல்களும் கிடைக்கின்றன, 110 தொடக்கம் 130 கலோரிக்குள் அடங்கும். பரவாயில்லை, ஆனால் அவற்றில் பேகலின் அந்தச் சவ்வுக்கடி இல்லை. எமக்கு நல்ல பேகலில் பாதிதான் விருப்பம். சிலர் உள்ளே உள்ள மாவைத் தோண்டி எறிந்துவிட்டுத் தோலைச் சாப்பிடுகின்றார்கள். கலோரி குறையும் என்பது மெய்தான், ஆனாலும் பாணைத் தோண்டிக் குப்பையில் போடுமாறு ஒரு தமிழ்த் தாய்க்கு நாம் ஆலோசனை சொல்லப்போவதில்லை.

மேலே என்ன பூசுகின்றோம் என்பது அடுத்தது. ஒரு மேசைக்கரண்டி கிறீம் சீஸில் 50 கலோரி. கடையில் "டபிள்" கேட்டால் மூன்று கரண்டி அளவுக்கு அப்பிவிடுவார்கள், அது 150. பெயரில் சீஸ் இருந்தாலும் அதில் புரதம் சொற்பம், கொழுப்புத்தான் அதிகம். அதைவிட அவித்த முட்டை ஒன்று 75 கலோரியில் ஆறு கிராம் புரதம் தரும். புரதமும் மரக்கறியும் கூட இருந்தால் மாச்சத்து குருதிக்குள் போகும் வேகமும் தணியும், பதினொரு மணிக்குப் பசியும் எடுக்காது. ரின் மீனை வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய்ப்புளி சேர்த்துப் பிசைந்து பாதிப் பேகலின்மேல் வைத்துப் பாருங்கள், கொழும்பு மீன் பணிஸ் மறந்துபோகும். புகையூட்டிய சமன் மீனும் நல்லது. ஆனால் அதில் உப்புக் கூட, பேகலிலும் உப்பு உண்டு. பிறஷர் உள்ளவர்கள் அதை வார இறுதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

பழுப்பு நிறத்தைக் கண்டு ஏமாறவேண்டாம். சேர்மானப் பட்டியலில் முதலாவதாக "முழுத்தானிய" என்ற சொல் இருக்கின்றதா என்று பாருங்கள். கனடாவில் கோதுமை மணியின் ஒரு பகுதியை நீக்கிய மாவையும் "முழுக் கோதுமை" என்று விற்க அனுமதி உண்டு. முழுத்தானியப் பேகலில் நார்ச்சத்துக் கூடும், கலோரி பெரிதாகக் குறையாது. பாதி என்ற கணக்கு அதற்கும் உண்டு. எள்ளு, கசகசா, வெங்காயம் தூவியவை கலோரியில் ஏறக்குறைய ஒன்றுதான். கசகசாப் பேகலில் வேறொரு விசித்திரம் இருக்கின்றது. அதைச் சாப்பிட்டவரின் சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் இருப்பதுபோலக் காட்டிவிடலாம். அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 2023இல் தனது படையினரைக் கசகசாவைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டது. வேலைக்காகப் பரிசோதனைக்குப் போகும் பார ஊர்திச் சாரதிகள் கவனிக்க.

பேகலைவிடப் பெரிய கள்ளன் பக்கத்தில் இருக்கும் கோப்பிக் குவளை. 2004இல் கனடிய ஒக்ஸ்போர்ட் அகராதிக்குள்ளேயே போய்விட்ட எமது "டபிள் டபிள்" நடுத்தர அளவில் சுமார் 200 கலோரி. இப்போது கூட்டிப் பாருங்கள்: பேகல் 330, மூன்று கரண்டி கிறீம் சீஸ் 150, கோப்பி 200. மொத்தம் 680. இருந்து வேலை செய்யும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1700 கலோரி போதும் என்றால், அதில் ஐந்தில் இரண்டு பங்கு "ஒண்டும் சாப்பிடேல்ல" என்ற காலையிலேயே முடிந்துவிட்டது. பாதிப் பேகல் 165, முட்டை 75, ஒரு கரண்டி கிறீம் சீஸ் 50, சீனியில்லாமல் பால் விட்ட கோப்பி 30 என்றால் 320. வெள்ளரியும் தக்காளியும் எவ்வளவும் வைக்கலாம், அதற்குக் கணக்கு வேண்டாம். ஒன்ராறியோவில் 2017 ஜனவரி முதல் இருபது அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவுக் கடைகள் கலோரியை விலைப்பட்டியலிலேயே போடவேண்டும் என்பது சட்டம். விலையை வாசிக்கும் அதே கண் பக்கத்து எண்ணையும் வாசிக்கட்டும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. இன்சுலின் போடுபவர்களும் கிளிக்கிளசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு நாளைக் காலையே மாச்சத்தைப் பாதியாக்கக்கூடாது. மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்கு ஏற்றபடி கொடுக்கப்பட்டது. சாப்பாடு குறைந்து மருந்து குறையாவிட்டால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும், காரோட்டும்போது நடந்தால் சொல்லவேண்டியதில்லை. உங்கள் வைத்தியரிடம் முதலில் பேசுங்கள். மெற்போமின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு.

பிள்ளைகள் பாடசாலையால் வந்து நாலு மணிக்கு ஒரு முழுப் பேகலும் ஏழு மணிக்குச் சோறும் சாப்பிடுகின்றார்கள். ஓடி விளையாடும் பிள்ளைக்கு அது பெரிய குறை அல்ல. பதின்ம வயதுப் பெண்பிள்ளைகளுக்கு முன்னால் கலோரி எண்ணை உரத்துச் சொல்லிக்கொண்டு திரியவேண்டாம் என்று மட்டும் தாய்மாரைக் கேட்டுக்கொள்கின்றோம். அவர்களில் சிலர் அதைக் கேட்டுச் சாப்பாட்டையே விட்டுவிடுகின்றார்கள், அது வேறு வருத்தம். எண்கள் எமது வயதினருக்கு.

கடைசியாக எமது சங்கத்துக்கே ஒரு வார்த்தை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கும்போது மண்டபத்துக்கு வெளியே பெற்றோருக்கும் தாத்தா பாட்டிமாருக்கும் என்று வைக்கப்படும் மேசையை எல்லோரும் அறிவீர்கள். முழுப் பேகல்கள் ஒரு பெட்டி, வாளி போன்ற கிறீம் சீஸ் ஒன்று, ஏற்கனவே சீனி போட்ட கோப்பி. அந்த மேசையைச் சுற்றி நிற்பவர்களில் எத்தனை பேர் சீனிக்கு மருந்து எடுக்கின்றார்கள் என்பதை எண்ணிச் சொல்ல நாம் தேவையில்லை. பேகலை நிறுத்துங்கள் என்று நாம் கேட்கவில்லை. மண்டபத்துக்குக் கொண்டுவர முன்னரே அவற்றைப் பாதியாக வெட்டுங்கள். சீனியைக் கோப்பிக்கு வெளியே வையுங்கள். இரண்டு தட்டு அவித்த முட்டையும் வெட்டிய வெள்ளரிக்காயும் சேருங்கள். பெட்டிகள் பாதியாகக் குறைவதால் செலவும் கூடாது என்று பொருளாளரிடம் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கின்றோம். முட்டை அவித்து வர இரண்டு அம்மாமார் சம்மதித்துவிட்டார்கள், மிளகுதூளும் அவர்களே கொண்டுவருவார்களாம். பேகல் வெட்டுவதற்கு நல்ல பல்லுக்கத்தி ஒன்றும் ஆட்கள் இருவரும் தேவை.